காலையில் விழுந்த எண்பத்து மூன்று ஓட்டு

தேர்தல் பணிக்கு எந்த ஊர் என்று தெரிந்ததும் நீங்கள் முதலில் விசாரிப்பது என்னவென்று எனக்குத் தெரியும். பஸ் போகுமா, கழிவறைக்குத் தாழ்ப்பாள் இருக்குமா, தகராறு உள்ள ஊரா. முப்பத்தொரு வருடம் நானும் இதைத்தான் விசாரித்தேன். தகராறு இல்லாத ஊர் என்றால் நிம்மதி. ஒரே கட்சி ஊர் என்றால் இன்னும் நிம்மதி. ஓட்டெல்லாம் ஒரு பக்கமாக விழும், கேள்வி கேட்க ஆள் இருக்காது, மாலையில் சீல் வைத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்க் குளிக்கலாம். நம் ஒன்றியத்தின் இளம் ஆசிரியர்களான உங்களுக்கு நான் எழுதக் காரணம் இதுதான்: என் பணிக்காலத்தில் நான் செய்த ஒரே பெரிய தப்பு அப்படியொரு நிம்மதியான ஊரில்தான் நடந்தது.

எங்கள் தொகுதியில் மக்களவைத் தேர்தலுக்கு யாரும் பந்தயம் கட்ட மாட்டார்கள். எதிர்ப்பக்கம் கட்ட ஆள் கிடைக்காது. பெரிய கட்சி வேட்பாளர் யார் என்று அறிவித்த அன்றே பட்டாசு வெடித்துவிடுவார்கள். ஓட்டு எண்ணும் நாளில் வெடிப்பது மீதிப் பட்டாசு. பல கிராமங்களில் எதிர்த்தரப்புக்கு பூத் ஏஜெண்ட் கூட இருக்க மாட்டார். நாற்காலி மட்டும் கிடக்கும்.

நான் முதல்முதலில் தேர்தல் பணிக்குப் போனது ஓட்டுப் பெட்டிக் காலத்தில். அன்று தலைமை அலுவலராக இருந்தவர் ஒரு தாலுகா அலுவலக எழுத்தர். காலையில் பெட்டியைத் திறந்து, உள்ளே காலி என்று ஏஜெண்டுகளுக்குக் காட்ட வேண்டும். இருந்தது ஒரே ஓர் ஏஜெண்ட். அவருக்குக் காட்டிவிட்டு, எதிரே கிடந்த காலி நாற்காலியின் பக்கமும் பெட்டியைத் திருப்பி, ஐந்து விநாடி பிடித்துக்கொண்டு நின்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் கோபப்படவில்லை. "ஆள் வரலன்னா அவங்க உரிமையும் வரலன்னு அர்த்தமாம்மா?" என்று மட்டும் கேட்டார். அதைக் கேட்டுத் தலையாட்டினேன். புரிந்துகொண்டேன் என்றும் நினைத்தேன். புரியவில்லை என்பது பின்னாளில் தெரிந்தது.

நான் சொல்ல வந்த ஊர் ஒரத்தநாட்டுக்குக் கிழக்கே, ஒரு கிளை வாய்க்காலின் கரையில் இருந்தது. தொள்ளாயிரத்துச் சொச்சம் ஓட்டு. ஊராட்சிப் பள்ளியின் ஒற்றை வகுப்பறைதான் வாக்குச்சாவடி. நான் தலைமை அலுவலர். ஓய்வு பெறப் பதின்மூன்று மாதம் இருந்தது. அந்த ஊரில் எதிர்த்தரப்பு நாற்காலி காலியாக இல்லை. அதில் எஸ்தர் உட்கார்ந்திருந்தார்.

எஸ்தருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஊரின் கடைசித் தெரு, லுத்தரன் கோயிலுக்குப் பின்னால். அப்பா அம்மா காலத்தில் அடுத்தவர் வயலில் கூலி. இவர் இரண்டு மா நிலம் வாங்கி, மூன்று மா குத்தகைக்கும் எடுத்துச் செய்துகொண்டிருந்தார். நான்கு தேர்தலாக இவர்தான் எதிர்த்தரப்பில் இருந்த ஒரு சின்னக் கட்சிக்கு ஏஜெண்ட். ஏன் இந்த வேண்டாத வேலை என்று கேட்டேன்.

"யாராவது ஒருத்தரு உக்காரணும்ல டீச்சர்" என்றார். "போன தடவ பதினொரு ஓட்டு. அதுக்கு முந்தி ஏழு. ஏறிக்கிட்டுத்தான இருக்கு."

எதிரே பெரிய கட்சியின் ஏஜெண்ட் கலியமூர்த்தி. அறுபது வயது, வெள்ளைச் சட்டை, கையில் பனையோலை விசிறி. அவர் எஸ்தரைத் தங்கச்சி என்பார், எஸ்தர் அவரை அண்ணே என்பார். "ஏழுலேருந்து பதினொண்ணு. இப்புடியே போனா இன்னும் முன்னூறு வருசத்துல எங்கள முந்திடுவீங்க தங்கச்சி" என்று சிரித்தார். எஸ்தரும் சிரித்தார். இரண்டு பேரும் ஒரே சம்புடத்திலிருந்து இட்லி சாப்பிட்டார்கள். தேர்தல் என்றால் வெட்டுக்குத்து என்று நினைக்கிறவர்கள் ஒரு நாள் வந்து அந்த வகுப்பறையில் உட்கார்ந்திருக்கலாம்.

இனி என் தப்பு.

நிஜ ஓட்டுப்பதிவு தொடங்குமுன் மாதிரி வாக்குப்பதிவு நடத்துவோம். ஏஜெண்டுகளை வைத்துக்கொண்டு ஐம்பது ஓட்டாவது போட்டு, எல்லா வேட்பாளருக்கும் சரியாக விழுகிறதா என்று பார்த்து, முடிவைக் காட்டி, பிறகு அந்த ஐம்பதையும் கருவியிலிருந்து அழிக்க வேண்டும். அழித்தபின் கருவியில் சுழியம் என்று காட்ட வேண்டும். அதன் பிறகுதான் சீல். அன்று ஐந்தரைக்கே தொடங்கினோம். வேட்பாளருக்கு நாலு வீதம், கடைசியில் இரண்டு கூடுதல், சரியாக ஐம்பது போட்டாயிற்று. கருவியில் ஐம்பது என்று வந்தது. அந்தச் சமயம் எங்கள் மூன்றாம் அலுவலர், மை வைக்க வேண்டியவர், பெஞ்சிலிருந்து அப்படியே சரிந்தார். சர்க்கரைக்காரர். மாத்திரை போட்டுக்கொண்டு காலையில் ஒன்றும் சாப்பிடாமல் இருந்திருக்கிறார்.

நான் ஓடினேன். எஸ்தர் தன் பையிலிருந்து வெல்லக்கட்டியை எடுத்து அவர் வாயில் வைத்தார். கலியமூர்த்தி விசிறினார். மயங்கியவர் கண் திறந்து, எழுந்து உட்கார்ந்து, தன் பெயரைச் சரியாகச் சொல்லும்போது மணி ஆறே முக்கால். வெளியே வரிசை. முன்னால் நின்றவர்கள் கடைசித் தெருப் பெண்களும் ஆண்களும், தலையில் துண்டு, இடுப்பில் சாக்கு. உளுந்து பிடுங்கப் போகிறவர்கள். வெயில் ஏறினால் காய் வெடித்துக் கொட்டிவிடும்; அதற்கு முன் ஓட்டைப் போட்டுவிட்டுப் போக வேண்டும் என்று ஐந்து மணியிலிருந்தே நின்றார்கள்.

நான் அவசரமாக மேசைக்கு வந்தேன். ஒவ்வொரு ஓட்டுக்கும் கருவி அச்சடித்துப் போடும் காகிதச் சீட்டு உண்டு; மாதிரி ஓட்டின் சீட்டுகளை எடுத்து உறையில் போட்டு ஒட்டினேன். அதைச் செய்ததால் எல்லாவற்றையும் செய்துவிட்டதாக மனம் நம்பிவிட்டது. முடிவைக் காட்டவில்லை. அழிக்கவில்லை. சுழியத்தைக் காட்டவில்லை. சீல் வைத்தேன். முடிவைப் பார்த்தோம், அழித்தாயிற்று என்ற சான்றிதழில் நான் கையெழுத்துப் போட்டேன். ஏஜெண்டுகள் இருவரும் போட்டார்கள். என்மேல் வைத்த நம்பிக்கை, வெளியே நின்ற வரிசை, முடிவு ஊருக்கே தெரிந்ததுதானே என்ற எண்ணம். மூன்றும் சேர்ந்து அந்தக் கையெழுத்துகளை வாங்கின.

ஒன்பது மணிக்கு ஓட்டு எண்ணிக்கையைச் செல்போனில் சொல்ல வேண்டும். பதிவேட்டைப் பார்த்தேன், எண்பத்து மூன்று பேர். கருவியின் பொத்தானை அழுத்தினேன். நூற்று முப்பத்து மூன்று.

மறுபடி அழுத்தினேன். அதேதான்.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். முதல் அலுவலர் என் முகத்தைப் பார்த்து வந்து, எண்ணைப் பார்த்து, ஒரு நிமிடத்தில் புரிந்துகொண்டார். ஓட்டுப்பதிவை நிறுத்தச் சொன்னேன். அறைக்குள் இருந்தவர்கள் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. வெளியே வரிசைக்கு மட்டும் தெரியவில்லை.

கலியமூர்த்தி எழுந்து வந்து என் மேசைமேல் கையை ஊன்றிக்கொண்டார்.

"டீச்சர், பதறாதீங்க. இந்த ஊர்ல வராத ஓட்டு எப்பயும் நூறு நூத்தம்பது இருக்கும். சிங்கப்பூர்ல இருக்கான், திருப்பூர்ல இருக்கான். சாயங்காலம் அதுல அம்பது பேரப் பதிவேட்டுல சேத்துட்டா கணக்கு நேராயிடும். நான் வாயத் தொறக்க மாட்டேன். எங்க கட்சி லட்சக்கணக்குல ஜெயிக்கப் போவுது. இந்த அம்பத யாரு தேடப் போறா?"

முதல் அலுவலர் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி வைத்திருந்தார்.

"உங்களுக்கு இன்னும் எத்தன மாசங்க சர்வீஸ்?" என்றார் கலியமூர்த்தி.

"பதிமூணு."

"அப்பறம் என்னங்க? முப்பது வருசம் புள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுத்தவங்க ஒரு மறதிக்காக சஸ்பெண்டுல நிக்கணுமா? என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியாது."

அவர் கண் கலங்கியிருந்தது. அது நடிப்பில்லை. இதைத்தான் நீங்கள் மனதில் இருத்திக்கொள்ள வேண்டும். இரண்டு பக்கமும் சமபலமுள்ள ஊரில் உங்களை மிரட்டுவார்கள். மிரட்டலை எதிர்த்து நிற்பது சுலபம், முதுகு தானாக நிமிரும். ஒருதலையான ஊரில் மிரட்ட அவசியமில்லாததால் அன்பாகப் பேசுவார்கள். அந்த அன்பின் முன்னால் என் முதுகு நிமிரவில்லை. சரி என்ற சொல் வாய்வரை வந்துவிட்டது.

நான் எஸ்தரைப் பார்த்தேன். அவர் சம்மதித்தால் முடிந்தது. அந்த அறையில் கேள்வி கேட்கக்கூடிய ஒரே ஆள் அவர்தான்.

"நீங்க என்ன சொல்றீங்க எஸ்தர்?"

எஸ்தர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்த அம்பதுல எங்களுக்கு நாலு இருக்கு. காலையில நான்தான் அமுக்குனேன். அது எங்க ஓட்டு இல்லையே டீச்சர். ஓசியில வந்தது." சற்று நிறுத்தினார். "ஆனா உங்க வேலைக்கு ஒண்ணு வரும்னா, நான் எதுவும் சொல்ல மாட்டேன். நீங்க மேலதிகாரிக்கு எழுதுனா எழுதுங்க. இல்லன்னா நான் பாக்கல."

அவரும் என்னை விட்டுவிட்டார். அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் என்னைக் காப்பாற்றத் தயாராக இருந்தார்கள். காப்பாற்ற ஆளில்லாமல் இருந்தவர்கள் வெளியே வெயிலில் நின்றார்கள். ஐம்பது பேர் சிங்கப்பூரிலும் திருப்பூரிலும் தங்களுக்குத் தெரியாமலே ஓட்டுப் போட இருந்தார்கள்.

எங்கள் பகுதிச் சாவடிகளை மேற்பார்த்த மண்டல அலுவலருக்குப் போன் செய்தேன்.

அவர் வேளாண் பொறியியல் துறைக்காரர். இருபது நிமிடத்தில் ஜீப்பில் வந்து இறங்கினார். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். முதலில் தண்ணீர் குடிக்கச் சொன்னார். பிறகு கருவியைப் பார்த்தார், பதிவேட்டைப் பார்த்தார், முதல் அலுவலரின் திறந்த பேனாவையும் பார்த்தார்.

"அறிக்கைய நீங்களே எழுதுங்கம்மா. உங்க கையெழுத்துல. நான் எழுதுனா அது உங்க மேல புகார். நீங்க எழுதுனா நடந்தது என்னன்னு ஆவும்."

"வேலைக்கு ஆபத்து வருமா சார்?"

"வரலாம். பொய் சொல்ல மாட்டேன். ஆனா ஆறே முக்காலுக்கு நடந்தது மறதி. அதுக்கு மன்னிப்பு உண்டு. இப்ப மணி ஒம்பதர. இனிமே நடக்குறதுக்கு மறதின்னு பேரு கெடையாது."

நான் ஒரு பக்கம் எழுதினேன். மயக்கம், வெல்லம் என்று காரணம் எதையும் எழுத வேண்டாம் என்று முதலில் நினைத்தேன். அவர் எழுதச் சொன்னார். "காரணத்த எழுதுங்க. சாக்குன்னு எழுதாதீங்க." அந்த வித்தியாசத்தை எழுதி முடிப்பதற்குள் இரண்டு தாள் வீணாயிற்று.

அவர் மேலதிகாரிகளிடம் பேசினார். வேறு கருவி கொண்டுவந்து, புதிதாக மாதிரி வாக்குப்பதிவு நடத்தி, அதில் மீதிப் பதிவைத் தொடர உத்தரவு வந்தது. பழைய கருவியைத் தனியே சீல் வைத்து, குறிப்போடு அனுப்ப வேண்டும். அப்போது எஸ்தர் எழுந்தார்.

"சார், அப்ப காலையில போட்டவங்க ஓட்டு?"

"அந்தக் கருவியத் தனியா எடுத்து வைப்பாங்கம்மா. கடைசியில ஜெயிச்சவருக்கும் தோத்தவருக்கும் வித்தியாசம் கம்மியா இருந்தா, அதுல இருக்குற சீட்டுகள எடுத்து எண்ணுவாங்க."

"வித்தியாசம் அதிகமா இருந்தா?"

"எண்ண மாட்டாங்க."

எல்லோரும் கலியமூர்த்தியைப் பார்த்தோம். தன் கட்சி ஜெயிக்கப்போவதை நினைத்து, வாழ்க்கையில் முதல் முறையாக அவர் தலை குனிந்ததைப் பார்த்தேன். எஸ்தர் உட்கார்ந்துவிட்டார். அன்று முழுக்க அவர் அதிகம் பேசவில்லை. ஏன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

புதுக் கருவி வந்தது. மறுபடி ஐம்பது. இம்முறை நான் ஒவ்வொரு வேட்பாளரின் எண்ணிக்கையையும் உரக்கப் படித்தேன். அழித்தேன். சுழியம் வந்ததும் கருவியைத் தூக்கி இருவரின் முகத்துக்கு நேரே காட்டினேன். பத்தே முக்காலுக்குப் பதிவு மறுபடி தொடங்கியது. வரிசையில் நின்றவர்கள் திட்டினார்கள். வாங்கிக்கொண்டேன். எனக்குப் பதிலாக வேறு ஆள் வருவார், அதுவரை நீங்களே நடத்துங்கள் என்று உத்தரவு. அந்த ஆள் மாலைவரை வரவில்லை.

பின்னால் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது. விசாரணை நடந்தது. மண்டல அலுவலர் வந்து, நான் தானாகவே முன்வந்து சொன்னேன் என்று சாட்சி சொன்னார். மூன்றாம் அலுவலர் தன் மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு, யாரும் கூப்பிடாமல் வந்து நின்றார். கண்டனம் என்ற சிறு தண்டனையோடு முடிந்தது. என் பணிப்பதிவேட்டின் கடைசிப் பக்கங்களில் அது இருக்கிறது. குறித்த நாளில் ஓய்வு பெற்றேன்.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது அந்தக் குறிப்பாணை அல்ல. ஓட்டு எண்ணிக்கை முடிந்து, சாவடிவாரியான விவரம் வெளியானபோது எங்கள் சாவடியைத் தேடினேன். எதிர்பார்த்தபடியே வித்தியாசம் மலைபோல இருந்தது. பழைய கருவியை யாரும் திறக்கவில்லை. எஸ்தரின் கட்சிக்கு நேராக, அந்த ஊரில், இரண்டு என்று போட்டிருந்தது.

ஏழு, பதினொன்று, இரண்டு.

இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. ஒரு சனிக்கிழமை காலை பஸ் ஏறிப் போனேன். ஆழ்குழாய்த் தண்ணீரை நம்பிக் குறுவைக்கு நாற்றங்கால் தயார் செய்துகொண்டிருந்த நேரம். எஸ்தர் முழங்கால் சேற்றில் நின்று பரம்படித்த சேற்றைக் கையால் சமன்படுத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வாய்க்காலில் கை கால் கழுவிக்கொண்டு வரப்பேறி வந்தார்.

"வாங்க டீச்சர். வேலைக்கு ஒண்ணும் வரலீல்ல?"

அதைத்தான் முதலில் கேட்டார். நான் பஸ்ஸில் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் போய்விட்டன.

"இல்ல எஸ்தர். உங்களப் பாத்து மன்னிப்புக் கேக்க வந்தேன். ரெண்டு ஓட்டுன்னு போட்டிருக்கே."

"ஆமா. டீக்கடையில ரெண்டு வெரலக் காட்டிச் சிரிக்கிறானுவ. கலியமூர்த்தி அண்ணன்தான் சத்தம் போட்டு அடக்குனாரு." அவர் வரப்பில் உட்கார்ந்து என்னையும் உட்காரச் சொன்னார். "டீச்சர், இந்தத் தடவ நான் வீடு வீடா நடந்தேன். எங்க தெருவுல பத்தொம்பது பேரு எங்களுக்குப் போடுறேன்னு வாயாலயே சொன்னாங்க. உளுந்து வேலைக்குப் போகணும், அதனால மொத ஆளா வந்து நின்னுடுங்கன்னு நான்தான் சொன்னேன். எட்டரைக்குள்ள அத்தன பேரும் போட்டாச்சு. நானும் சேத்து இருவது."

வெயிலில் நின்ற அந்தத் தலைத்துண்டுகள் என் கண்ணுக்குத் தெரிந்தன. எல்லாமே பழைய கருவியில். எண்ணப்படாத எண்பத்து மூன்றில். அன்று அவர் ஏன் பேசவில்லை என்பது எனக்கு அந்த வரப்பில் உட்கார்ந்திருக்கும்போதுதான் விளங்கியது. மேலதிகாரிக்கு எழுதாதீங்க என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அன்று நான் எழுதியிருக்க மாட்டேன். அந்த இருபதும் கணக்கில் வந்திருக்கும்.

"என்னாலதான் எஸ்தர். ஒங்க இருவது ஓட்டையும் நான்தான்…"

"அது போவட்டும் டீச்சர். போட்டவங்களுக்குத் தெரியும், போட்டோம்னு. அத யாராலயும் அழிக்க முடியாது." அவர் என் பக்கம் திரும்பினார். முகத்தில் வருத்தத்தைத் தேடினேன். இல்லை. கண் மின்னியது. "நான் வேற ஒண்ணு யோசிச்சுக்கிட்டு இருக்கேன். எங்க ஆளுங்க அத்தன பேரும் பழைய மிசின்ல போட்டாச்சு. ஒருத்தர் பாக்கியில்ல. அப்ப புது மிசின்ல விழுந்த இந்த ரெண்டு யாருது?"

"யாருது?" என்று நானும் கேட்டேன்.

"நான் கேக்காதவங்க டீச்சர். நான் ஏறாத வீடு. பெரிய தெருவோ, மேலத் தெருவோ. பத்தே முக்காலுக்கு அப்பறம் வந்து, யாருகிட்டயும் சொல்லாம, எங்களுக்குப் போட்டுட்டுப் போயிருக்காங்க. பதினஞ்சு நாளா ஒவ்வொரு மூஞ்சியாப் பாத்துக்கிட்டு இருக்கேன். இவுங்களா இருக்குமோ, அவுங்களா இருக்குமோன்னு. இதுக்காவவே எல்லாரையும் பாத்துச் சிரிக்க வேண்டியதா இருக்கு."

"யாருன்னு கண்டுபுடிக்காதீங்க எஸ்தர்" என்றேன். தலைமை அலுவலர் புத்தி போகவில்லை. "அது ரகசியமாத்தான் இருக்கணும்."

"கண்டுபுடிக்க மாட்டேன் டீச்சர். கண்டுபுடிச்சா அந்த ரெண்டு பேருகிட்ட மட்டும்தான சிரிச்சுக்கிட்டு இருப்பேன்."

சாலையில் பெரிய தெருக்காரர் ஒருவர், வண்டியில் விதைநெல் மூட்டையோடு போனார். எஸ்தர் எழுந்து நின்று கையை ஆட்டி, "வெத வாங்கிட்டீங்களா அண்ணே?" என்று கேட்டார். அவர் வேகத்தைக் குறைத்துத் திரும்பிப் பார்த்து, கொஞ்சம் குழப்பத்தோடு தானும் கையை ஆட்டிவிட்டுப் போனார்.